மேலே போனால் அவனுக்கு என்ன வேலை?

மலேசியாவில், எங்கள் சுங்கை சிப்புட்டில் ஐஸ் என்றால் அது ஐஸ் கச்சாங் இனிப்பில் வரும் ஐஸ்தான். அப்படியிருந்தும் இப்போது எங்கள் தாமான் குடியிருப்பில் ஐஸ் ஹாக்கியைப் பற்றிக் கருத்து இல்லாத ஆளே கிடையாது. என் அக்காவின் பேரன்தான் காரணம். ஒண்டாரியோவில் பிறந்து வளர்ந்தவன், வயது 17, ஓ.எச்.எல். என்ற ஜூனியர் லீகில் இடது விங் ஆடுகிறான். அவன் கோல் போடும் வீடியோ குடும்ப வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த அரை மணி நேரத்தில் கூலிமிலிருந்து கிள்ளான் வரைக்கும் உள்ள சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: புரோ ஆவானா?

கேள்வி என்னிடம்தான் வந்து நிற்கும். பள்ளிக்கூடத்தில் பல காலம் ஹாக்கி பழக்கியவன் என்பதால். அது புல் திடல் ஹாக்கி, இது வேறு என்று சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. "ஸ்டிக்கு, பந்து, கோலு, அவ்வளவுதானே சார்" என்கிறார் சாப்பாட்டுக்கடை அண்ணன். அங்கே பந்து கிடையாது, பக் என்ற கறுப்பு ரப்பர் வில்லை என்று சொன்னேன். "ரப்பரா? அப்ப நம்ம சரக்குதான்" என்றார். மேற்கொண்டு பேச முடியவில்லை.

எங்கள் பக்கத்துக்கு ஹாக்கி புதிதல்ல. ரப்பர் தோட்டத்துப் பையன்கள் கொய்யாக் கிளையை வளைவு பார்த்து வெட்டி ஸ்டிக்காக வைத்துக்கொண்டு லயத்துக்கு முன்னால் ஆடியதை நான் பார்த்திருக்கிறேன், ஆடியும் இருக்கிறேன். 1975 உலகக் கிண்ணத்தில் மலேசியா அரையிறுதி வரை போய், கோலாலம்பூரில் இந்தியாவிடம் கூடுதல் நேரத்தில் 3-2 என்று தோற்று, கடைசியில் நான்காம் இடத்தில் நின்றது. அந்த அணிக்குத் தலைவர் ஸ்ரீ சண்முகநாதன். அந்தக் காலத்துப் பெரியவர்கள் இன்றைக்கும் அந்த ஆட்டத்தைப் பேச ஆரம்பித்தால் தே ஆறிவிடும். ஈப்போவில் சுல்தான் அஸ்லான் ஷா கிண்ணம் நடந்தால் வேன் பிடித்துப் போகிற ஊர் இது. ஆகவே பையன்களைப் பார்த்து 'இவன் தேறுவான், இவன் தேறமாட்டான்' என்று சொல்வது இங்கே எல்லாருக்கும் கைவந்த கலை என்று எல்லாரும் நம்புகிறார்கள்.

அங்கே இரவு 7 மணி ஆட்டம் குளிர்காலத்தில் இங்கே மறுநாள் காலை 8 மணிக்கு வரும். பசியாறும் நேரம். கைப்பேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு ரொட்டி சானாயோடு பார்ப்பேன். இப்படியே ரொம்ப நாளாகப் பார்த்து, படித்து, அங்கே இருப்பவர்களிடம் கேட்டு, எனக்கென்று ஒரு அபிப்பிராயம் உருவாகியிருக்கிறது. வாட்ஸ்அப்பில் எழுதினால் யாரும் முழுசாகப் படிக்கமாட்டார்கள், அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கூட்டம் எவ்வளவு, கதவு எவ்வளவு அகலம் என்று பார்த்துவிடலாம். கனடாவின் பெரிய ஜூனியர் லீகுகள் மூன்று. ஒண்டாரியோவில் ஓ.எச்.எல்., மேற்கே டபிள்யூ.எச்.எல்., கிழக்கே கியூபெக் லீக். மூன்றையும் சேர்த்தால் 60 அணிகள் போல வரும், ஒவ்வொன்றிலும் 16 முதல் 20 வயதுக்குள் இருபதுக்கு மேற்பட்ட பையன்கள். இவர்களோடு அமெரிக்க ஜூனியர் பையன்கள், சுவீடன், பின்லாந்து, ரஷ்யா, செக் நாட்டுப் பையன்கள் எல்லாரும் வருடத்துக்கு ஒரு முறை ஒரே வரிசையில் நிற்கிறார்கள். வட அமெரிக்காவின் உச்ச லீகான என்.எச்.எல்.லின் 32 அணிகள் 7 சுற்றாக 224 பேரைத் தேர்ந்தெடுக்கின்றன. அதுதான் டிராஃப்ட். அதில் பெயர் வந்தால் வேலை கிடைத்துவிட்டது என்று நம் ஆட்கள் நினைக்கிறார்கள். இல்லை. 'இவனிடம் பேசும் உரிமை எங்களுக்கு' என்று ஒரு அணி துண்டு போட்டு வைப்பதுதான் அது. குறிப்பிட்ட காலத்துக்குள் ஒப்பந்தம் போடவேண்டும், இல்லாவிட்டால் அந்த உரிமையும் போய்விடும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஏதோ ஒரு அளவுக்கு மேலே ஆடுகிறார்கள். கடைசிச் சுற்றுகளில் எடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலானோர் ஒரு ஆட்டம்கூட ஆடாமலே போகிறார்கள்.

நடுவே ஆச்சரியங்களும் உண்டு. 1998இல் 171ஆவது ஆளாக எடுக்கப்பட்ட தட்சியுக், மறு வருடம் 210ஆவதாக எடுக்கப்பட்ட செட்டர்பர்க், இருவரும் டெட்ராய்ட் அணியின் தூண்களாக நின்றார்கள். சொந்தக்காரர்கள் இந்தப் பெயர்களை எங்கிருந்தோ தேடி எடுத்து எனக்கு அனுப்புகிறார்கள். அதே 210ஆவது இடத்தில் மற்ற வருடங்களில் யார் யார் எடுக்கப்பட்டார்கள் என்று மட்டும் யாரும் தேடுவதில்லை.

சரி, நம் பையனுக்கு வருவோம். போன சீசனில் 64 ஆட்டம், 46 புள்ளி. கோலும், கோலுக்குக் கொடுத்த பாஸும் ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. இந்த 46ஐ வைத்துத்தான் எங்கள் குடும்பத்தில் பாதிப்பேர் அவனுக்கு வீடே வாங்கிக் கொடுத்துவிட்டார்கள்.

நான் முதலில் பார்த்தது பிறந்த மாதத்தை. அவன் நவம்பரில் பிறந்தவன். இது சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் இந்த ஆட்டத்தில் அப்படி இல்லை. சிறுவர் ஹாக்கியில் வயதுப் பிரிவு ஜனவரி 1இல் தொடங்குகிறது. ஆக ஜனவரியில் பிறந்தவனும் நவம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவு, நடுவில் பத்து மாத வளர்த்தி வித்தியாசம். ஒன்பது வயதில் பத்து மாதம் என்பது பெரிய இடைவெளி. பெரியவனாகத் தெரிபவனுக்கு நல்ல அணி, நல்ல கோச், அதிக ஐஸ் நேரம். 1980களில் அல்பெர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் ஊரில் ஒரு ஜூனியர் ஆட்டம் பார்க்கப் போன உளவியலாளர் ரோஜர் பார்ன்ஸ்லியின் மனைவி, கையில் இருந்த ஆட்டக்காரர் பட்டியலைப் புரட்டும்போது ஏன் இத்தனை பேர் ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சிலேயே பிறந்திருக்கிறார்கள் என்று கேட்டாராம். அந்தக் கேள்வியிலிருந்து பிறந்த ஆராய்ச்சி இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2013இல் ராபர்ட் டீனரும் அவர் கூட்டாளிகளும் டிராஃப்ட் பட்டியல்களை அலசி, வருடத்தின் பின்பாதியில் பிறந்தவர்களை அணிகள் தொடர்ந்து குறைத்தே மதிப்பிட்டிருக்கின்றன, எடுக்கப்பட்ட இடத்தோடு ஒப்பிட்டால் அவர்கள்தான் பிறகு கூடுதலாகச் சாதித்திருக்கிறார்கள் என்று காட்டினார்கள்.

இதை எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. கித்தா மரத்தை, அதாவது ரப்பர் மரத்தை, யாரும் நட்ட வருடத்தைப் பார்த்துப் பால் வெட்டத் தொடங்குவதில்லை. ஒன்றரை மீட்டர் உயரத்தில் சுற்றளவு ஏறக்குறைய 45 சென்டிமீட்டர் வந்ததா என்று நாடா வைத்துப் பார்த்துத்தான் கத்தி வைப்பார்கள். ஒரே நாளில் நட்ட நிரையில் ஒன்று ஐந்து வருடத்தில் தேறும், பக்கத்து மரம் ஏழு வருடம் கேட்கும். தோட்டத்தில் வேலையாட்களை மேற்பார்த்த பழைய தண்டல் ஒருவர் நான் சொல்லி முடிக்கும் முன்பே தலையாட்டினார்.

ஆனால் நவம்பர் பிறப்புக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. இதை யாரும் கவனிப்பதில்லை. டிராஃப்ட்டுக்கு வயதுக்கணக்கு ஜனவரியில் இல்லை, செப்டம்பர் 15இல். அந்தத் தேதிக்குள் 18 முடிய வேண்டும். நவம்பர்ப் பையன் ஒரு வருடம் தள்ளிப் போகிறான். 'அவன் செட்டுப் பையன்கள் பெயர் எல்லாம் வந்துவிட்டது, நம்மவன் பெயர் ஏன் இல்லை' என்று கூலிம் அத்தை அழுதே விட்டார், அதற்குக் காரணம் இதுதான். சிறுவர் ஹாக்கியில் கூட்டத்திலேயே சின்னவனாக இருந்தவன் டிராஃப்ட் வரிசையில் மூத்தவர்களில் ஒருவன் ஆகிவிடுகிறான். அடுத்த சீசனில் அவன் 70 புள்ளி எடுத்தாலும், அணிகளுக்காக ஆள் பார்க்கும் ஸ்கவுட் சும்மா இருக்கமாட்டார்: "இது இவனுக்கு ஓ.எச்.எல்.லில் மூன்றாவது வருடம், பக்கத்தில் நிற்பவனுக்கு இரண்டாவது வருடம்" என்று கழித்துக்கொண்டுதான் எழுதுவார். கழிக்க வேண்டியதுதான், நியாயமே.

அப்புறம் அந்த 46 எப்படி வந்தது? கிட்டத்தட்டப் பாதி பவர் பிளேயில் வந்தவை. எதிரணியில் ஒருவன் தப்பு செய்து வெளியே உட்கார்ந்திருக்கும்போது ஐந்து பேர் நான்கு பேரை எதிர்த்து ஆடும் நேரம் அது. அந்த நேரத்தில் அவனுக்குப் பக்கத்தில் நின்று பாஸ் கொடுப்பவன் 20 வயதுப் பையன், லீகிலேயே பேர் எடுத்தவன். அந்த அண்ணன் அடுத்த வருடம் இருக்கமாட்டான். யாரோடு ஆடினான் என்ற கேள்வியைக் கேட்காமல் புள்ளியைப் படிக்கவே கூடாது என்பது என் கட்சி.

இதற்கு நல்ல உதாரணம் அலெக்ஸ் டெப்ரின்கட். ஓ.எச்.எல்.லில் ஈரி அணிக்கு வந்த முதல் வருடமே 51 கோல். ஆனால் அதே அணியில் அப்போது, பின்னாளில் என்.எச்.எல். நட்சத்திரமான கானர் மெக்டேவிட் ஆடிக்கொண்டிருந்தார். 'மெக்டேவிட் பக்கத்தில் நின்றால் கோல் கம்பம்கூட கோல் போடும்' என்கிற மாதிரிப் பேச்சு எழுந்தது. பையன் வேறு குள்ளம். மறு வருடம் மெக்டேவிட் மேலே போய்விட்டார். டெப்ரின்கட் மறுபடியும் 51. அதற்கடுத்த வருடம் 65. சிக்காகோ அவரை 2016இல் 39ஆவது ஆளாக எடுத்தது. துணை போன பிறகும் எண் நிற்கிறதா என்பதுதான் பார்க்கவேண்டிய பரீட்சை. நம் பையன் அந்தப் பரீட்சையை இனிமேல்தான் எழுதப்போகிறான்.

கணக்கில் ஆர்வம் உள்ளவர்களுக்கு இன்னொன்று. கேப்ரியல் டெஜார்டின் என்பவர், ஒவ்வொரு லீகிலிருந்தும் என்.எச்.எல்.லுக்குப் போனவர்களின் புள்ளி எவ்வளவு சுருங்கியது என்று பார்த்து ஒரு மாற்று விகிதம் போட்டார், மலேசிய வெள்ளியை டாலராக்கும் மாதிரி. ஓ.எச்.எல்.லுக்கு ஏறக்குறைய 0.30, என்.எச்.எல்.லுக்கு ஒரு படி கீழான ஏ.எச்.எல்.லுக்கு ஏறக்குறைய 0.45. நம் பையன் ஒரு ஆட்டத்துக்கு 0.72 புள்ளி. 82 ஆட்ட சீசனுக்குப் பெருக்கினால் 59, அதில் முப்பது சதவீதம் ஏறக்குறைய 18. அதுவும் தாராளமான கணக்கு. ஏனென்றால் மேலே போய் ஆடியவர்களை மட்டும் வைத்துப் போட்ட விகிதம் அது, போகவே முடியாதவன் அந்தக் கணக்கில் இல்லை. பின்னால் வந்தவர்கள் ஓ.எச்.எல். விகிதத்தை இன்னும் கீழே இறக்கினார்கள். எப்படிப் பார்த்தாலும் 18 புள்ளி எடுக்கும் விங்கருக்கு எந்த என்.எச்.எல். அணியும் முதல் வரிசையில் இடம் கொடுக்காது.

நான் சொல்ல வந்த விஷயத்துக்கு இங்கேதான் வந்து சேர்கிறேன். ஒரு அணி ஆட்டத்துக்கு 12 முன்கள ஆட்டக்காரர்களை இறக்குகிறது. மூன்று மூன்று பேராக நான்கு வரிசை. 45 விநாடி போல ஆடிவிட்டு மாறிக்கொண்டே இருப்பார்கள். கோல் போடும் வேலை முதல் இரண்டு வரிசைக்கு. மூன்றாவது, நான்காவது வரிசையில் இருப்பவர்கள் யார்? அவர்களும் தங்கள் ஜூனியர் அணியில் ராஜாக்கள்தான். அவர்களில் பலர் நம் பையனை விட அதிகப் புள்ளி எடுத்தவர்கள். மேலே வந்து, இங்கே கோல் போடும் வேலை காலியில்லை என்று தெரிந்ததும் வேறு வேலை கற்றுக்கொண்டவர்கள். தன் அணியில் ஆள் குறைந்த நேரத்தில் தடுத்து நிற்பது, பலகை ஓரத்தில் இரண்டு பேரோடு மல்லுக்கட்டிப் பக்கை எடுப்பது, வருகிற ஷாட்டுக்கு முன்னால் உடம்பைப் போடுவது. ஆகவே ஜூனியர் பையனைப் பார்க்கும்போது 'எத்தனை கோல் போடுகிறான்' என்பது பாதிக் கேள்விதான். கோல் வரவில்லை என்றால் மேலே அவனுக்கு என்ன வேலை இருக்கிறது? மற்ற பாதி அது. முதல் பத்து இருபது இடங்களில் எடுக்கப்படும் அபூர்வப் பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வி அவ்வளவு தேவையில்லை. மற்ற எல்லாருக்கும் தேவை.

மேனி மல்ஹோத்ராவைப் பாருங்கள். மிசிசாகாவில் பிறந்தவர், அப்பா பஞ்சாபி. இதே ஓ.எச்.எல்.லில் குவெல்ஃப் அணியில் ஆடி, 1998 டிராஃப்ட்டில் நியூயார்க் ரேஞ்சர்ஸ் அணியால் 7ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். ஏழாவது இடம் என்றால் கோல் மழை பொழிய வேண்டும் என்று எதிர்பார்ப்பார்கள். பொழியவில்லை. ஆனால் நடுவர் பக்கைக் கீழே போடும் ஃபேஸ்ஆஃப்பில் அவரை ஜெயிப்பது கஷ்டம். தடுத்தாடும் நேரத்தில் அவரை நம்பி இறக்கலாம். 2011இல் பக் கண்ணில் பட்டுப் பார்வை பாதிக்கப்பட்ட பிறகும் திரும்பி வந்து ஆடினார். மொத்தம் 991 ஆட்டங்கள். எதிர்ப்பக்கத்தில் நெயில் யாகுபோவ்: ஓ.எச்.எல்.லில் சார்னியா அணியின் கோல் இயந்திரம், 2012இல் முதல் ஆளாகவே எடுக்கப்பட்டார். மேலே போனதும் அந்தக் கோல்கள் வரவில்லை, கோல் வராத நாளில் செய்ய வேறு வேலையும் கைவசம் இல்லை. 2018க்குப் பிறகு என்.எச்.எல்.லில் அவர் இல்லை, ரஷ்யாவுக்குத் திரும்பிவிட்டார். யாகுபோவ் திறமையில்லாதவர் என்று நான் சொல்லமாட்டேன். அவரைப் போல ஷாட் அடிக்க மல்ஹோத்ராவால் முடியாது.

இந்தக் கண்ணோடு பார்க்க ஆரம்பித்த பிறகு, நான் பையனின் கோல் வீடியோக்களைத் திறப்பதையே குறைத்துவிட்டேன். அவை அக்கா பார்த்துச் சந்தோஷப்பட. நான் முழு ஆட்டத்தைப் போட்டு, பக் எங்கே போனாலும் போகட்டும் என்று அவனை மட்டும் பார்ப்பேன். பக் அவனிடம் வருவதற்கு முன் தலையைத் திருப்பித் தோளுக்குப் பின்னால் பார்க்கிறானா? பார்க்கிறான், அதுவும் இரண்டு தடவை. இது புல் திடலிலும் அப்படியேதான். பந்து காலுக்கு வந்தபிறகு தலையைத் தூக்குபவன் மாவட்ட அளவோடு நின்றுவிடுவான். பந்து வருவதற்கு முன்பே திடலை மனதில் வாங்கிக்கொண்டவன் மேலே போவான். எனக்குத் தெரிந்து பழக்கிக் கொண்டுவரக் கடினமான குணம் இது, பையனுக்கு இது இருக்கிறது. எனக்குப் பிடித்ததும் இதுதான்.

பலகை ஓரத்தில் பக்கைக் காப்பாற்றுவதிலும் கெட்டி. அவனைவிட இரண்டு வயது மூத்த, பத்துக் கிலோ கூடுதலான பையன் முதுகில் சாய்ந்தாலும் பின்புறத்தைக் கொடுத்து நின்று, காலால் பக்கை நகர்த்தி, கூட்டாளி வரும்வரை இழுத்துப் பிடிக்கிறான். கைத்தட்டல் கிடைக்காத வேலை. ஆனால் சம்பளம் கொடுப்பவர்கள் இதைப் பார்ப்பார்கள்.

குறை எங்கே என்றால் முதல் மூன்று அடியில். ஓடத் தொடங்கிவிட்டால் வேகம் உண்டு, நின்ற இடத்திலிருந்து கிளம்புவதுதான் மந்தம். என்.எச்.எல். திடல் 200 அடி நீளம், 85 அடி அகலம், ஐரோப்பாவின் பழைய ஒலிம்பிக் அளவைவிட ஒடுக்கம். யோசிக்க இடமும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் இதைத் தீராத குறை என்று எழுதிவிடக் கூடாது. பிரேடன் பாயின்ட் 2014இல் 79ஆவதாகப் போனதற்கு ஸ்கேட்டிங்கும் உயரமும் பற்றிய சந்தேகங்கள் காரணம். டாம்பா அணி அவரைப் பார்ப் அண்டர்ஹில்லிடம் அனுப்பியது. 1984இல் ஜோடி ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்றவர் அந்த அம்மா. அவர் கொடுத்த பயிற்சிக்குப் பிறகு பாயின்ட்டின் ஸ்கேட்டிங்கே அவருடைய ஆயுதமாகிவிட்டது. ஆக, காலை மாற்றலாம். கண்ணை மாற்றுவதுதான் கஷ்டம். இது என் அபிப்பிராயம், ஒத்துக்கொள்ளாத கோச்சுகள் நிறைய இருப்பார்கள்.

உயரத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். 178 சென்டிமீட்டர். எங்கள் குடும்பத்தில் அது தென்னை மரம். அங்கே சராசரிக்குக் கீழே. மார்டின் செயின்ட் லூயிஸ் 173 சென்டிமீட்டர்தான், எந்த அணியும் டிராஃப்ட் செய்யவில்லை, கடைசியில் 2004இலும் 2013இலும் லீகிலேயே அதிகப் புள்ளி எடுத்தார். உயரத்துக்கு இதற்கு மேல் எழுதத் தோன்றவில்லை.

டிராஃப்ட்டில் பெயர் வராவிட்டால் என்ன ஆகும் என்று அக்கா மகள் கேட்டாள். அவளுக்கு நான் சொன்ன கதை ஆர்ஷ்தீப் பெயின்ஸ். வான்கூவருக்குப் பக்கத்து சர்ரே ஊர்ப் பஞ்சாபிப் பையன். டிராஃப்ட்டில் யாரும் எடுக்கவில்லை. ஜூனியரின் கடைசி வருடமான 2021-22இல் ரெட் டீர் அணிக்கு 112 புள்ளி எடுத்து டபிள்யூ.எச்.எல்.லிலேயே முதலிடம். அந்த வயதில் எடுக்கும் புள்ளிக்கு மதிப்புக் குறைவு என்று மேலே நானே எழுதியிருக்கிறேன், எல்லா ஸ்கவுட்டும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஆனாலும் வான்கூவர் அணி ஒப்பந்தம் போட்டது. நேராக மேலே போகவில்லை. அபட்ஸ்ஃபோர்டில் உள்ள அவர்களின் ஏ.எச்.எல். அணியில் தடுத்தாடக் கற்றுக்கொண்டு, 2024 பிப்ரவரியில் முதல் என்.எச்.எல். ஆட்டம். 2025இல் அந்த அபட்ஸ்ஃபோர்ட் அணி ஏ.எச்.எல்.லின் கால்டர் கிண்ணத்தை ஜெயித்தபோது பயிற்சியாளர் யார் தெரியுமா? அதே மேனி மல்ஹோத்ரா. இதைச் சொன்னதும் அக்கா மகள் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "மாமா, பஞ்சாபிங்க ரொம்ப நாளா அங்க இருக்காங்க, நாம இப்பத்தானே" என்றாள். அதுவும் சரிதான். ஐஸ் வாடகை, காலை நாலு மணிக்கு எழுப்பி வண்டி ஓட்டும் அப்பா, இரண்டு மாதத்தில் சின்னதாகிவிடும் ஸ்கேட்ஸ் என்று எல்லாம் ஒரு தலைமுறை வேர் பிடித்த பிறகுதான் சுலபமாகிறது.

'புரோ' என்றால் நம் ஆட்களுக்கு என்.எச்.எல். மட்டும்தான். 2025-26இல் அங்கே குறைந்தபட்சச் சம்பளமே 775,000 அமெரிக்க டாலர், அதனால் அந்த ஒரு படிதான் கண்ணில் படுகிறது. அதற்குக் கீழே ஏ.எச்.எல்., அதற்கும் கீழே ஈ.சி.எச்.எல்., அந்தப் பக்கம் சுவீடன், பின்லாந்து, ஜெர்மனி, சுவிட்சர்லாந்து, இங்கிலாந்து. ஹாக்கி ஆடிச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் இந்த இடங்களில்தான் இருக்கிறார்கள். ஈ.சி.எச்.எல். சம்பளத்தை வெள்ளியில் சொன்னால் நம் தாமானில் ஏமாற்றமாகத்தான் இருக்கும், பஸ்ஸில் இரவெல்லாம் பயணம் செய்கிற வாழ்க்கை அது. ஆனால் அதுவும் புரோதான்.

படிப்பைப் பற்றி யாருமே கேட்கவில்லை, தமிழ் வாத்தியாருக்கு இது பொறுக்குமா? ஓ.எச்.எல்.லில் ஆடும் ஒவ்வொரு சீசனுக்கும் ஒரு வருடக் கல்லூரிக் கட்டணம் என்ற ஏற்பாடு இருக்கிறது. நிபந்தனைகள் உண்டு, முக்கியமாகப் புரோ ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டால் என்ன ஆகும் என்பதை வரிவரியாகப் படிக்கவேண்டும். அதைவிடப் பெரிய மாற்றம் இன்னொன்று. முன்பெல்லாம் இந்த ஜூனியர் லீகுகளில் ஆடிவிட்டால் அமெரிக்கக் கல்லூரி ஹாக்கிக் கதவு சாத்தப்பட்டுவிடும், இவர்களைப் புரோ என்றே கணக்கில் வைத்திருந்தார்கள். 15, 16 வயதிலேயே இந்த வழியா அந்த வழியா என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. 2024 நவம்பரில், அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அந்த விதியை மாற்றியது, 2025 ஆகஸ்ட் 1 முதல் அமல். உடனே கேவின் மெக்கென்னா போன்ற பெரிய நட்சத்திரமே டபிள்யூ.எச்.எல்.லை விட்டு பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார். நட்சத்திரத்துக்கு எங்கே போனாலும் வெளிச்சம்தான். இந்த விதி மாற்றம் உண்மையில் உதவப்போவது நம் பையன் மாதிரி நவம்பர்க்காரர்களுக்கு. 20 வயதில் ஜூனியர் முடிந்ததும் தெருவில் நிற்காமல், கல்லூரியில் இன்னும் சில வருடம் ஆடி, அந்த முதல் மூன்று அடியைச் சரிசெய்துகொள்ள நேரம் கிடைக்கிறது. மெதுவாக வளர்பவனுக்கு வேண்டியது நேரம்தானே.

போன வாரம் அக்கா மகள் அழைத்து, "சுத்தி வளைக்காம ஒரு கணக்குச் சொல்லுங்க மாமா" என்றாள். சொன்னேன். டிராஃப்ட்டில் பின்சுற்றுகளில் பெயர் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. என்.எச்.எல்.லில் ஒரு ஆட்டமாவது ஆட பத்தில் ஒன்று, நிலைத்து நிற்க அதைவிடவும் குறைவு. எங்கேயோ ஒரு நாட்டில் ஹாக்கி ஆடிச் சில வருடம் சம்பளம் வாங்க, பாதிக்கு மேல். இது புல் திடல் வாத்தியாரின் கை மதிப்பு, இதை வைத்து யாரும் கடன் வாங்கவேண்டாம் என்றும் சொன்னேன்.

"பத்தில் ஒன்றா?" என்றாள். குரல் இறங்கிவிட்டது. 17 வயதுப் பையன்கள் பெரும்பாலானோருக்கு ஆயிரத்தில் ஒன்றுகூட இல்லையம்மா, அவனுக்குப் பத்தில் ஒன்று என்றால் அது பெரிய எண் என்றேன். அதற்குள் பையன் கைப்பேசியை வாங்கி, "தாத்தா, கோச் என்னை இந்த வருஷம் பெனால்டி கில்லில் போடுறதா சொல்லியிருக்கார், பவர் பிளே கம்மியாகுமாம், புள்ளி குறையும்" என்று வருத்தமாகச் சொன்னான். ஆள் குறைந்த நேரத்தில் தடுத்து நிற்கும் வேலை. நான் இங்கே நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். குடும்ப வாட்ஸ்அப்பில் இந்த வருடம் வீடியோ குறையப் போகிறது, கூலிம் அத்தைக்கு யாராவது முன்கூட்டியே சொல்லி வைக்கவேண்டும்.